உள்நாட்டுச் சுற்றுலாவால் நாட்டுப் பொருளாதாரத்துக்கு உண்மையில் என்ன லாபம்? பணம் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போவதுதானே?

கேள்வியில் 'அந்தப் பை' என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பல வருடங்கள் அந்தப் பையிலிருந்துதான் எனக்குச் சம்பளம் வந்தது. மலை ஊர் ஒன்றில் நடுத்தர லாட்ஜில் கணக்கு எழுதுகிற வேலை. சீசனில் ரிசப்ஷனும் நான்தான், முதலாளி ஊரில் இல்லாவிட்டால் மேனேஜரும் நான்தான், மோட்டார் ஓடாவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு டார்ச் பிடிப்பதும் நான்தான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா நகர முடியவில்லை.

நீங்கள் பொருளியல் மாணவர், அல்லது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுப் பயணி வந்தால் அந்நியச் செலாவணி, சொந்த நாட்டுப் பயணி வந்தால் வெறும் இடமாற்றம் என்று யாராவது பாடம் நடத்தியிருப்பார்கள். ஏட்டுக் கணக்கில் அது பாதி சரி. ஒரே அறை, ஒரே இரவு, வாடகையும் ஒன்றே. வெளிநாட்டவர் தங்கினால் அது சேவை ஏற்றுமதியில் சேரும், உள்நாட்டவர் தங்கினால் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் சேரும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த உள்நாட்டுக்காரர் பயணமே போகாமல் இருந்திருந்தால் அதே பணத்தை வேறு எதற்காவது செலவழித்திருப்பார், அப்போதும் நாட்டின் கணக்கு மாறியிருக்காது என்பது உங்கள் வாதம். சரி. எதற்குச் செலவழித்திருப்பார், எங்கே, எப்போது? அதைக் கேட்காமல் லாபம் இல்லை என்று முடிவுகட்டுவதில்தான் எனக்குச் சண்டை.

இதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. லாட்ஜ் நடத்துகிறவர்களுக்காக ஒருமுறை கூட்டம் போட்டார்கள். முதலாளிக்கு வேறு வேலை, என்னை அனுப்பிவிட்டார். பேச வந்தவர் ஓர் ஆலோசகர். திரையில் படம் படமாகக் காட்டிவிட்டு, "நீங்கள் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிறீர்கள், இனி தரத்தை நம்புங்கள்" என்றார். கூட்டம் என்று அவர் சொன்னது உள்நாட்டுக் குடும்பங்களை. தரம் என்றால் வெளிநாட்டவர். இரண்டு பேர் அறையில் ஆறு பேர் படுப்பதையும், காலையில் ஆறு பேருக்கும் வெந்நீர் கேட்பதையும் நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிரித்தவர்களில் பாதிப் பேரின் லாட்ஜ் அந்த ஆறு பேரால்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் லாட்ஜும் அப்படித்தான்.

திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். சீசன் மாதம் ஒன்றின் வவுச்சர் கட்டை எடுத்துப் பிரித்து, உள்ளே வந்த பணம் யார் யார் கைக்குப் போனது என்று ஆள்வாரியாக எழுதினேன். ஆராய்ச்சி என்றெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு லாட்ஜின் ஒரு மாதக் கணக்கு, அவ்வளவுதான். புள்ளியியல் படித்தவர்கள் கமெண்டில் பாய வேண்டாம்.

சம்பளம்தான் பெரிய பங்கு என்பது தெரிந்த விஷயம். ஆனால் யாருடைய சம்பளம் என்று பார்த்தபோது எனக்கே புதிதாக இருந்தது. சீசனுக்கு மட்டும் எடுக்கிற ரூம் பாய்கள் எல்லோரும் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பையன்கள். எங்களிடம் வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் கட்டட வேலை தேடி நகரத்துக்குப் போய்விடுவார்கள். சலவைக்குப் போன பணம் ஓர் அம்மாவுக்கும் அவருடைய இரண்டு மருமகள்களுக்கும். அவர்களுக்கு எங்களையும் பக்கத்து லாட்ஜையும் விட்டால் வேறு வாடிக்கை கிடையாது. பிளம்பர், மெத்தை உறை தைக்கிற தையல்காரர், காய்கறி கொண்டுவந்து போடுகிற விவசாயி என்று பட்டியல் நீண்டது. ரிசப்ஷன் மேஜையில் பணத்தை எண்ணி வைத்த குடும்பங்களுக்கு இவர்களில் ஒருவரையும் தெரிந்திருக்காது.

என் வவுச்சரில் ஏறாத செலவு அதைவிடப் பெரிது. வந்தவர்கள் டாக்ஸிக்காரருக்கும், படகுக்கும், போட்டோ எடுக்கிறவருக்கும், ஸ்வெட்டர் விற்கிற நடைபாதைக் கடைக்கும் கொடுத்த பணம் எங்கள் கணக்குக்குள் வரவே வராது. இதே பணத்தில் அந்தக் குடும்பம் நகரத்திலேயே புது டிவி வாங்கியிருந்தால்? நாட்டின் மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். அந்த டிவியோ அதன் பாகங்களோ இறக்குமதி என்றால் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். ஆனால் சலவைக்கார அம்மாவின் கணக்கில் அது சுழியம். தொழிற்சாலையும் கம்பெனியும் வராத ஊருக்கு நகரத்துச் சம்பளம் வந்து சேர இருக்கிற சில வழிகளில் இது ஒன்று. அதுவும் மானியமாக வராமல் வேலைக்குக் கூலியாக வருகிறது.

எல்லாப் பணமும் ஊரிலேயே தங்கியது என்று கதைவிடவும் மாட்டேன். அதே வவுச்சர் கட்டுக்குள் முன்பதிவுத் தளத்துக்குக் கட்டிய கமிஷன் இருந்தது, ஜெனரேட்டர் டீசல் இருந்தது, வங்கி வட்டி இருந்தது. அதெல்லாம் மலையிறங்கிப் போன பணம், சிலது நாட்டைவிட்டே போன பணம். வந்தவர்கள் காரில் எரித்த பெட்ரோலும் அந்த வகைதான். எண்ணெயை இறக்குமதி செய்கிற நாட்டில் உள்நாட்டுச் சுற்றுலாவிலும் கசிவு உண்டு. ஆகவே சுற்றுலாப் பயணிகள் இத்தனை செலவழித்தார்கள் என்று யாராவது பெரிய தொகையைச் சொன்னால், அது முழுவதும் நாட்டுக்கு லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டவர் வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பொதுவாகத் தலைக்குத் தலை பார்த்தால் அவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள், இறக்குமதிக்குப் பணம் கட்ட வேண்டிய நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவை. ஆனால் குழுவாக வந்த வெளிநாட்டவரில் பெரும்பாலோர் முழுத் தொகையையும் தங்கள் ஊர் ஏஜென்சியிடமே கட்டிவிட்டு வந்தவர்கள். விமானம் வெளிநாட்டுக் கம்பெனியுடையது, ஏஜென்சியும் அங்கேதான். இடையில் பிடித்ததெல்லாம் போக மிச்சம்தான் எங்களுக்கு வந்தது, அதுவும் தவணையில். ஆறு பேராகப் படுத்த குடும்பம் ரிசப்ஷனிலேயே பணத்தைக் கட்டிவிட்டுத்தான் சாவியை வாங்கியது.

எண்ணிக்கையிலும் பாருங்கள். ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு கணக்கிட்டபடி 2018-இல் உலகம் முழுவதும் சுமார் 900 கோடி உள்நாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் நடந்தன. அதே வருடம் எல்லை தாண்டி வந்த பயணிகள் சுமார் 140 கோடி. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஓஇசிடி என்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் மொத்தச் சுற்றுலாச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு உள்நாட்டவர் செய்வது. ஆலோசகர் காட்டிய படங்களில் இதெல்லாம் இல்லை.

2020 வந்தது. உலக அளவில் வெளிநாட்டுப் பயணிகளின் வருகை முந்தைய வருடத்தைவிட 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எங்கள் தெருவில் வெளிநாட்டுக் குழுக்களுக்காகவே புதுப்பித்திருந்த லாட்ஜ் பூட்டியது பூட்டியபடி கிடந்தது. நாங்களும் மாதக்கணக்கில் பூட்டித்தான் கிடந்தோம். ஆனால் நாட்டுக்குள் பயணம் போகலாம் என்று தளர்த்தியதும் முதலில் மலையேறி வந்தது பழைய குடும்பங்கள்தான். அப்புறம் முன்பெல்லாம் எங்கள் வாசலையே மிதிக்காத ஒரு வகையினர் வந்தார்கள். வருடா வருடம் வெளிநாட்டுக்கு டிக்கெட் போடுகிறவர்கள். எல்லை மூடியிருந்ததால் வேறு வழியில்லை. அவர்கள் வெளிநாட்டில் செலவழித்திருந்தால் அது சேவை இறக்குமதி, நாட்டுக் கணக்கில் கழித்தல். அந்தப் பணம் அந்த வருடம் உள்ளேயே நின்றது. உங்கள் 'இடமாற்றம்' வாதம் சுத்தமாக நிற்காத இடம் இது. மற்ற வருடங்களில் அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த பை வேறு நாட்டுச் சட்டையில் இருந்தது.

அரசாங்கங்களுக்கும் அப்போதுதான் உள்நாட்டுப் பயணிமேல் திடீர்ப் பாசம் வந்தது. இத்தாலியில் வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 500 யூரோ வரை விடுமுறைச் சலுகை. போலந்தில் குழந்தைக்கு 500 ஸ்லோட்டி வீதம் சுற்றுலா வவுச்சர். ஐஸ்லாந்தில் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் 5,000 குரோனா. ஜப்பானில் 2020 ஜூலையில் பயணச் செலவில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்கிற திட்டத்தைத் தொடங்கி, தொற்று பரவியதும் டிசம்பர் கடைசியில் நிறுத்திவைத்தார்கள். ஆனால் நெருக்கடி நேரத்தில் உள்நாட்டுப் பயணியை நம்புவது புது யோசனை இல்லை. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு மக்களைச் செலவழிக்க வைக்க வேண்டும் என்றுதான் சீனாவில் 1999-இல் ஒரு வார நீண்ட விடுமுறைகளைக் கொண்டுவந்தார்கள்.

உள்நாட்டுப் பயணியை இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். தலைக்குச் சாயம் பூசிவிட்டு லாட்ஜின் வெள்ளைத் துண்டில் துடைக்காதீர்கள். ஷூவைத் துடைக்கத் தலையணை உறையை எடுக்காதீர்கள். அந்தக் கறை எந்தச் சலவைக்கும் போகாது. படித்தவர், வசதியானவர், காலையில் தோட்டத்தில் நின்று எங்களுக்குச் சுத்தத்தைப் பற்றி வகுப்பு எடுத்தவர், அவர் போன பிறகு அறையைத் திறந்தால் மூன்று துண்டும் கறுப்பு. பில்லில் சேர்த்தால் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "ஊழியர்கள் பண்பில்லாதவர்கள்" என்று எழுதினார். பதில் எழுத முதலாளி விடவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, எங்கே, எதற்கு என்பதைச் சொல்லிவிட்டேன், எப்போது என்பது பாக்கி இருக்கிறது. இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு இரண்டாக விற்க முடியாது. கட்டடம், கடன், காவலாளி எல்லாம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. காலி அறையில் ஒருவர் வந்து தங்கினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான், மீதி அப்படியே கூலியாகவும் வாடகையாகவும் லாபமாகவும் நிற்கும். நாட்டுக்கு நிஜமான கூடுதல் வருவது அங்கேதான். நிரம்பி வழிகிற நாளில் வருகிறவரால் அது வராது, விலைதான் ஏறும். ஆஃப் சீசனில், வாரத்தின் நடுவில் யார் வருவார்? தூரத்திலிருந்து விமானம் ஏறி யாரும் ஒரு செவ்வாய்க்கிழமைக்காக வரமாட்டார்கள். ஓய்வுபெற்றவர்கள், பக்கத்து மாவட்டத்துத் தம்பதிகள், அலுவலகப் பயிற்சி என்று வருகிறவர்கள், எல்லாம் உள்நாட்டவர்தான்.

ஆனால் எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை, எல்லா அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் லாங் வீக்கெண்ட் என்று வைத்தால் இந்த நன்மை பாதியாகிவிடும். மூன்று நாள் தண்ணீர் லாரிக்கு அடிதடி, மலைப்பாதையில் அசையாத வண்டிகள், குப்பை. உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டு வாடகையும் ஏறும், அதை எந்தச் சுற்றுலாத் துறை விளம்பரமும் சொல்லாது. சீனாவிலேயே நெரிசல் தாங்காமல் 2008-இல் மே மாத ஒரு வார விடுமுறையை மூன்று நாளாக வெட்டினார்கள். என்னைக் கேட்டால் விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் பாதியை விடுமுறைகளை வட்டாரவாரியாகப் பிரித்துவைக்கிற வேலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போடலாம். என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

"இவ்வளவு பெரிய விஷயம் என்றால் கணக்கில் ஏன் கண்ணில் படவில்லை?" என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேசியக் கணக்கில் விவசாயம், கட்டுமானம் போலச் சுற்றுலா தனித் தொழிலாக வருவதில்லை. அது ஹோட்டலிலும் போக்குவரத்திலும் சில்லறை வணிகத்திலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டிப் பார்க்கத்தான் சுற்றுலாத் துணைக்கணக்கு என்று தனியாக ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டவரை எல்லையில் எண்ணிவிடலாம், உள்நாட்டவர் எந்தக் கவுண்டரையும் தாண்டுவதில்லை. லாட்ஜ் பதிவேட்டை வைத்து எண்ணினால் உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் தப்பிவிடுவார்கள். சர்வதேச வரையறைப்படி வழக்கமான சூழலைவிட்டு வெளியே போய் உறவினர் வீட்டில் தங்குவதும் சுற்றுலாதான். காலையில் போய் மாலையில் திரும்புகிறவரும் பயணிதான், அவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை. இவர்களையும் சேர்த்து எண்ண முக்கியமான வழி வீடு வீடாகக் கேட்கிற மாதிரிக் கணக்கெடுப்புதான். கையில் படிவத்துடன் ஒருவர் வந்து "கடைசியாக எங்கே போனீர்கள், எவ்வளவு செலவானது" என்று கேட்டால், வருமான வரிக்காரர் என்று பயந்து "எங்கேயும் போகவில்லை" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். துண்டைப் பற்றிக் கேட்க மாட்டார், பயப்பட வேண்டாம்.