எந்த ஊரில் குடியேறலாம்? யாழ்ப்பாணத்துக்கு வர நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து குடியேற நினைப்பவர்கள் சில வாரங்களாகக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் 28 வருடம் கிராம அலுவலராக இருந்தவன். வலிகாமம், தென்மராட்சி, தீவகம் மூன்றிலும் வேலை செய்தேன். வடமராட்சி என் மனைவியின் ஊர். வாக்காளர் பதிவு, வதிவிடச் சான்று, வெள்ள நிவாரணம், வேலிச் சண்டை என்று ஒவ்வொரு ஊரின் உள்வீட்டுக் கதையும் ஓரளவு தெரியும். ஊரைத் தெரிவு செய்யமுன் கிணற்றைப் பாருங்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது. ஏன் என்று கீழே வரும்.

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். கணவருக்கு யாழ் நகரத்தில் ஒரு அரச வங்கிக்கு இடமாற்றம். மகனுக்கு 4 வயது, மகள் அடுத்த வருடம் தரம் 5. நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் மூன்றில் எது நல்லது?

பதில்: மூன்றும் நல்ல ஊர்தான் பிள்ளை. மகன் எந்தப் பள்ளிக்கூடம் என்பதை முதலில் முடிவெடுங்கள், வீடு அதற்குப் பின்னால் வரட்டும். தரம் 1 அனுமதியில் பாதி இடங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்குத்தான். கிட்ட வீடு எடுத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பிரிவில் முழுப் புள்ளி கிடைக்க, முந்தைய 5 வருட வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி குறையும். புதிதாக வரும் குடும்பம் இதில் தோற்றுப்போகும். என் கதிரைக்கு முன்னால் நின்று அழுத தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, அரச வங்கியும் அதில் அடங்கும். இடமாற்றக் கடிதத்தைக் கவனமாக வைத்திருங்கள். அந்த வருடச் சுற்றறிக்கையை வரிவரியாக வாசித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

மகள் புலமைப்பரிசில் எழுதப் போகிறாள். நடு வருடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், தரம் 5 தொடங்கும்போதே கூட்டி வாருங்கள். புது வகுப்பு, புது ரீச்சர், புதுப் பேச்சு. அவளுக்கு மூன்று மாதமாவது வேண்டும்.

இடம் என்றால் நான் கொக்குவில், கோண்டாவில் பக்கம் சொல்வேன். காங்கேசன்துறை வீதியில் பஸ் ஓயாமல் ஓடும், கோண்டாவிலில் ரயிலும் நிற்கும், கணவருக்கு நகரம் கிட்ட. நல்லூரில் கோயிலைச் சுற்றி வீடு எடுத்தால் 25 நாள் திருவிழாவுக்கு வீதிகள் மூடப்படும் என்பதையும் யோசியுங்கள். அது சிலருக்குப் பாக்கியம், காலையில் வேலைக்கு ஓடுகிறவருக்குக் கஷ்டம்.

கேள்வி: கனடாவிலிருந்து திரும்பி வருகிறோம். நாங்கள் இருவரும், மகளும் மருமகனும், 6 மாதப் பேரக்குழந்தையும். சுன்னாகம், உடுவில், ஊரெழு பக்கம் செம்பாட்டு மண்ணில் ஒரு வளவு வாங்கி மா, வாழை வைத்து இருக்க ஆசை. தண்ணீர் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. ஆனால் பயப்படாமல் விளங்கிக்கொள்ளுங்கள்.

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கை ஆறுதான். நாங்கள் குடிப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மாரி மழை. அந்த நன்னீர் கடல்நீருக்கு மேலே ஒரு ஆடைபோல மிதக்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம் என்பதால் ஒரு வளவில் நிலத்தில் விட்டது அடுத்த வளவுக் கிணற்றுக்கு வேகமாகப் போய்விடும். சுன்னாகத்தில் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

எண்ணெயையாவது மணத்திலும் நிறத்திலும் கண்டுபிடிக்கலாம். செம்பாட்டு ஊர்களில் நான் அதிகம் பயப்படுவது நைத்திரேற்றுக்கு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வருடக்கணக்காகப் போட்ட உரமும், மலசலகூடக் குழிகளும் சேர்ந்து தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் சரி என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகும். போத்தலில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து, இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகும் சக்தி குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். உங்கள் வீட்டில் 6 மாதக் குழந்தை இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஒரு பால் போத்தல்கூடக் கரைக்காதீர்கள்.

காணிக்கு முற்பணம் கொடுக்கமுன் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். நைத்திரேற்று, உப்பு, எண்ணெய், மலக்கிருமி நான்கையும் கேளுங்கள். மாரி தொடங்கமுன் ஒன்று, மாரி முடிந்து ஒன்று என்று இரண்டு தரம் பார்த்தால் நல்லது. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குளிக்க, தோய்க்க, மரத்துக்கு மட்டும்.

இப்போது குழாய்த் தண்ணீரும் வருகிறது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. குழாய் நீங்கள் பார்க்கும் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வந்திருந்தால் உங்கள் ஆசைப்படி செம்பாட்டில் தாராளமாக இருக்கலாம். வாழைக்கு அந்த மண்ணைப்போல வேறு மண் இல்லை.

கேள்வி: வேலணையில் பெரிய பழைய நாற்சார் வீடு, 12 பரப்பு வளவோடு, நகரத்தில் 2 பரப்புக் காணியைவிடக் குறைந்த விலைக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பிள்ளைகள் உயர்தரம் முடிக்கும்வரை வேண்டாம் தம்பி. பண்ணைப் பாலத்தால் வந்தால் தூரம் பெரிதில்லை. ஆனால் பின்னேர ரியூசன் முடிந்து பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும் களைப்பு பிள்ளையின் மேலே விழும். வேலணைத் தீவில் நல்லதண்ணிக் கிணறு ஊருக்கு ஒன்றிரண்டு, மற்றவை உவர். ஆவணி மாதம் ஒரு தரம் போய், அந்த வீட்டுப் பெண்கள் குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் படித்து முடிந்து நீங்கள் இருவரும் மட்டும் என்றால், அந்த நாற்சார் வீட்டைப் போல அமைதி எங்கும் கிடைக்காது.

கேள்வி: நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் வேலை. மனைவி யாழ் நகரத்தில் ஆசிரியை. நடுவில் எங்கே இருக்கலாம்?

பதில்: சாவகச்சேரி. யோசிக்கவே வேண்டாம். கண்டி வீதியும் ரயிலும் இரண்டு பக்கமும் போகிறது, நகரம் ஏறத்தாழ 17 கிலோமீற்றர். ஆதார வைத்தியசாலை, இந்துக் கல்லூரி, றிபேக் கல்லூரி எல்லாம் பட்டினத்திலேயே. மணல் மண், தென்னையும் பலாவும் மாவும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா எங்கள் குடும்பம் 11 பேருக்குத் தன் மால் கொட்டில் முழுவதையும் விட்டுத்தந்தா. அந்த மண்ணைப் பற்றி நான் நடுநிலையாக எழுத மாட்டேன்.

கேள்வி: மாமிக்குத் தெல்லிப்பளையில் புற்றுநோய் சிகிச்சை. மாதத்தில் பல தரம் போகவேண்டும். இப்போது பருத்தித்துறையில் இருக்கிறோம். மகன் ஹாட்லிக் கல்லூரியில் தரம் 8. எங்கே மாறுவது?

பதில்: மகனை இடையில் பிடுங்காதீர்கள் மகள். மாமியும் துணைக்கு ஒருவரும் சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் தெல்லிப்பளையிலோ மல்லாகத்திலோ சின்ன வாடகை வீடு எடுங்கள். இரண்டிலும் ரயில் நிற்கும். குடும்பம் முழுவதும் மாறித்தான் ஆகவேண்டும் என்றால் மகாஜனா, யூனியன் கல்லூரிகள் இரண்டும் தெல்லிப்பளையில்தான் இருக்கின்றன, மகனின் படிப்பு கெடாது.

கேள்வி: கோப்பாயில் 2 பரப்புக் காணி. உரிமையாளர் லண்டனில், அவருடைய தம்பி அற்றோனித் தத்துவத்தோடு விற்கிறார். கிணறு பங்குக் கிணறு. எதைக் கவனிக்க?

பதில்: முதலில் அற்றோனித் தத்துவத்தில் விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, பராமரிக்க மட்டும் கொடுத்ததா என்று பாருங்கள். உரிமையாளரோடு வீடியோவில் நேரே கதையுங்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதும் அதில்தான் உறுதியாகும்.

இரண்டாவது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். காணி பிரிபடாத பங்காக இருந்தால், வெளியாருக்கு விற்கமுன் மற்றப் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அது. கொடுக்காமல் விட்டால் நீங்கள் வீடு கட்டியபிறகு ஒரு பங்காளி வழக்கோடு வந்து நிற்பார். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமா என்றும் பாருங்கள். நொத்தாரிசு சொல்லட்டும் என்று விட்டுவிடாமல் நீங்களே கேளுங்கள்.

மூன்றாவது கிணறு. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் பாத்தியதையும் எழுத்தில் இருக்கவேண்டும். வாய்வார்த்தையில் இருந்த கிணற்றுப் பங்குக்காக உடன்பிறந்தவர்கள் 15 வருடம் கதைக்காமல் இருந்ததை நான் பார்த்தவன். இன்னொன்று, 2 பரப்பு என்றால் 20 பேர்ச்சஸ், அதாவது 5,445 சதுர அடி. அதற்குள் வீட்டையும் மலசலகூடக் குழியையும் வைத்துவிட்டுக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளுவதே பாடு. பக்கத்து வளவின் குழி வேலியோரம் இருந்தால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாவற்குழிப் பக்கம் விலை மலிவு. எடுக்கலாமா?

பதில்: கார்த்திகை மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வெயிலில் காணி பார்க்கிறவன் விலையைத்தான் பார்ப்பான். சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். 2024 கார்த்திகை வெள்ளத்தில் எவ்வளவு நின்றது என்று இரண்டு வீட்டில் கேளுங்கள். உங்கள் காணியை நிரவி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து ஏழையின் வீட்டுக்குள் போகும், அதையும் யோசியுங்கள்.

கேள்வி: நாங்கள் புத்தளத்தில் இருக்கிறோம் சேர். 1990இல் சோனகர் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். வாப்பாவின் காணி இருக்கிறது, வீடு இல்லை. நான்கு பிள்ளைகள். திரும்பி வரலாமா?

பதில்: வாருங்கள் தம்பி. இது உங்கள் ஊர். நாங்கள் வீட்டை விட்டு நடந்த அதே ஒக்டோபர் 30ஆம் திகதிதான், 5 வருடத்துக்கு முன் புலிகள் உங்களை வெளியேற்றினார்கள். அன்று நாங்கள் பேசாமல் இருந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இனி விஷயம். முதலில் நில அளவையாளரை வைத்து வாப்பாவின் காணியின் எல்லைகளைப் புது வரைபடத்தில் எடுங்கள். இத்தனை வருடம் நாங்கள்தான் ஆண்டோம் என்று யாராவது பேரம் பேச வந்தால், பயந்து எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள், சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஒஸ்மானியா, கதீஜா பள்ளிக்கூடங்கள் நடைதூரத்தில். வாக்காளர் பதிவு ஒரு இடத்தில்தான் இருக்கலாம், ஆகவே புத்தளத்தில் நீக்கிவிட்டு இங்கே பதியும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளின் அனுமதி முதல் வீட்டுத்திட்டம் வரை எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். வீடு எழும்பும்வரை சோனகர் தெருவிலேயே வாடகை வீட்டில் இருங்கள். பொம்மைவெளிப் பக்கம் எடுத்தால் மாரி வெள்ளத்தை விசாரித்து எடுங்கள்.

கேள்வி: எனக்கு மானிப்பாய் பிடித்திருக்கிறது. மனைவி கண்டியில் பிறந்து வளர்ந்தவர், "எல்லோரும் வேலிக்கு மேலால் பார்ப்பார்கள்" என்று பயப்படுகிறார். எப்படிச் சம்மதிக்க வைக்கலாம்?

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள் தம்பி. அவர் சொல்வது உண்மை, பார்ப்பார்கள். யாருடைய பிள்ளை, எந்த ஊர், என்ன செலவில் வீடு என்று முதல் கிழமையே கேட்பார்கள். அதே ஆட்கள்தான் நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோவுக்கு ஓடுவார்கள். இதில் எது தனக்குப் பெரிது என்று அவர்தான் இருந்து பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு வருடம் வாடகைக்கு எடுங்கள். வீட்டை அவர் தெரிவு செய்யட்டும், ஒழுங்கையின் உட்புறம் வேண்டாம், பஸ் ஓடும் வீதிக்குக் கிட்ட, தனியாகப் போய்வரக் கூடியதாக. வந்த கிழமையே இருவருமாக அடையாள அட்டைகளோடு உங்கள் கிராம அலுவலரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் காலையில் அலுவலகத்தில் இருப்பார், போகமுன் ஒரு போன் எடுங்கள்.