.45 கோல்ட்: 300 கிரெயின் குண்டு மட்டும் மேலே அடிப்பது ஏன்?

உங்கள் .45 கோல்ட் ரிவால்வரில் 300 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) குண்டு மேலே அடிக்கிறது என்பதற்காக முன் சைட்டை, அதாவது குழல்வாய்மேல் உள்ள குறிமுனையை, அராவாதீர்கள். அது குட்டையானால் குண்டு இன்னும் மேலேதான் போகும். 255 கிரெயின் குறியில் விழுகிறது, 300 கிரெயின் மட்டும் 25 கெஜத்தில் 4 அங்குலம் ஏறுகிறது என்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லை. குண்டின் எடைதான் காரணம்.

கனமான குண்டு மெதுவாக நகர்வதால் குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கும். அது வெளியேறுவதற்குள் உதைப்பு குழல்வாயைத் தூக்கிவிடும். ஹேமரை (சுத்தியலை) ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷனின் வளைந்த கைப்பிடி உள்ளங்கையில் உருளக்கூடியது, அதனால் பிடி தளர்ந்தாலும் இதே ஏற்றம் வரும்.

எது என்று பார்க்க, மணல் மூட்டைமேல் கைகளை வையுங்கள், குழலை வைக்காதீர்கள். ஒரே பிடியில் இரண்டு வகையிலும் ஐந்தைந்து சுடுங்கள். இடைவெளி குறைந்தால் பிடிதான் காரணம். குறையாவிட்டால் உயரமான முன் சைட் போடவேண்டும், அல்லது 255-க்கே திரும்பவேண்டும். நான் திரும்பிவிடுவேன். தட்டை மூக்குள்ள கெட்டி ஈயக் குண்டு, நொடிக்கு 900 அடி வேகத்தில், 50 கெஜத்துக்குள் நிற்கும் வெள்ளைவால் மானுக்குத் தாராளம்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்தத் தோட்டாவின் வழக்கமான அழுத்த வரம்பு 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). 300 கிரெயின் தோட்டாக்களில் சில அதைத் தாண்டியவை. பெட்டியில் எச்சரிக்கை இருக்கும். உங்களுடையது கோல்ட் ரிவால்வரின் 1873 மாதிரியில் செய்த மெல்லிய சிலிண்டர் என்றால் அவற்றைப் போடவே கூடாது. அந்தப் பழைய அமைப்பில் ஐந்து தோட்டா மட்டும் நிரப்பி, ஹேமரைக் காலி அறைமேல் இறக்கிவைத்துக் காட்டுக்குள் போங்கள்.