மைக்கைத் திறந்ததும் பாட்டு ஏன் பாழாகிறது?

வயர்லெஸ் ஹெட்செட் வாங்குவது பற்றியும், வாங்கிய பிறகு வரும் வம்புகள் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே. ‘எந்த பிராண்டு நல்லது?’ என்று மட்டும் எழுதியவர்களுக்குத் தனிப் பதில் இல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் இருப்பதைப் புரிந்து படிக்கக் கீழே உள்ளவை உதவும்.

பகலில் கணினியில் மீட்டிங், நடுநடுவே போன் அழைப்பு, இரவில் கேம். ஒரே ஹெட்செட் போதுமா, இரண்டு வாங்க வேண்டுமா?

ஒன்றே போதும். ஆனால் புளூடூத் மட்டும் உள்ள ஹெட்செட்டாக இருந்தால் மூன்றில் இரண்டு வேலைகளில் திண்டாடுவீர்கள். தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வயர்லெஸ் கருவியான 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் புளூடூத்தும் சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டு, வாய்ப் பக்கம் நீளும் மைக் வேண்டும். அது கழற்றவோ மடக்கவோ கூடியதாக இருந்தால் வெளியே போகும்போதும் போட்டுக்கொள்ளலாம். கணினியும் கேமும் டாங்கிள் வழியாக, போன் புளூடூத் வழியாக என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ‘டாங்கிள், புளூடூத் இரண்டும் உண்டு’ என்று போட்டிருந்தாலும், சிலவற்றில் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும். சிலவற்றில் பட்டனை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். இரண்டாவது வகையில், கேம் ஓடும்போது போன் அடிப்பது காதில் விழாது. ‘மல்டிபாயின்ட்’ என்பது வேறு சங்கதி: இரண்டு புளூடூத் கருவிகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருப்பது. அதில் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒன்றின் ஒலிதான் வரும்.

இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: டாங்கிள் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா? பல டாங்கிள்கள் தன் ஹெட்செட்டோடு மட்டுமே பேசும். அது போனால் மிஞ்சுவது வெறும் புளூடூத் ஹெட்செட்தான்.

என் புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. மீட்டிங்கில் சேர்ந்த மறுநொடி எல்லாமே பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. கேமில் வாய்ஸ் சாட் போட்டாலும் இதே கதை. பழுதா?

பழுது இல்லை, புளூடூத்தின் பிறவிக் குணம். வழக்கமான புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் உள்ளன. ஏ2டிபி என்பது பாட்டுக்கானது: ஸ்டீரியோ, அடிப்படையான எஸ்பிசி முறையிலேயே நொடிக்குச் சுமார் 328 கிலோபிட் வரை போகும், ஆனால் ஒருவழிப் பாதை. உங்கள் குரல் அதில் திரும்பி வர வழியில்லை. ஹெச்எஃப்பி என்பது பேச்சுக்கானது: இருவழி, ஆனால் ஒவ்வொரு திசைக்கும் நொடிக்கு 64 கிலோபிட்தான், மோனோ. ஏதாவது ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் திறந்த உடனே மொத்த இணைப்பும் இரண்டாவது பாதைக்கு இறங்கிவிடுகிறது. பாட்டும் கேமின் ஒலியும் அந்தச் சந்துக்குள்தான் நுழைந்தாக வேண்டும்.

அந்தச் சந்திலும் தரம் ஒன்றுபோல இல்லை. பழைய சிவிஎஸ்டி முறை 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு, அதாவது ஒலியை நொடிக்கு 8,000 முறை அளப்பது. அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. ‘ஸ்’, ‘ஃப்’ ஒலிகளை வேறுபடுத்துவது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள பகுதிதான். அதனால்தான் பெயர்களையும் எழுத்துகளையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. எம்எஸ்பிசி முறை 16 கிலோஹெர்ட்ஸ். பேச்சு தெளிவாகவே இருக்கும், பாட்டுக்கு ஆகாது. ஹெட்செட், கணினி இரண்டும் எம்எஸ்பிசி அறிந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று அறியாவிட்டாலும் பழையதற்கே போய்விடும்.

செலவில்லாத தீர்வு: மீட்டிங் செயலியிலும் கேமிலும் ஒலி வெளியீட்டுக்கு ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள், மைக்குக்கு மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை யாரும் தொடாதவரை அது பாட்டுப் பாதையிலேயே இருக்கும். மேக் கணினிக்கும் இதே வழிதான். மாற்றிய பிறகும் ஒலி கெட்டால், பின்னணியில் திறந்திருக்கும் வேறொரு செயலி மைக்கைப் பிடித்திருக்கிறது என்று பொருள். கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு செயலியும் பிரவுசரில் மறந்துபோன மீட்டிங் பக்கமும்தான் வழக்கமான குற்றவாளிகள். விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் ‘ஹெட்ஃபோன்ஸ்’, ‘ஹெட்செட்’ என்று இரண்டு பெயர்களில் தெரியும். முதலாவதே ஸ்டீரியோ. விண்டோஸ் 11-இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அங்கே மைக்கை மாற்றுவதுதான் வழி.

டாங்கிள் வழியாக இணைத்தால் இந்தத் தொல்லையே எழாது. டாங்கிள் கணினிக்குத் தன்னை ஒரு யுஎஸ்பி ஒலிக்கருவியாகவே காட்டிக்கொள்கிறது. மைக் திறந்திருந்தாலும் ஸ்டீரியோ அப்படியே நீடிக்கும்.

‘புளூடூத் 5.3’ என்று போட்டிருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா?

எண் மட்டும் போதாது. இதைத் தீர்க்க வந்தது ‘எல்இ ஆடியோ’. 2020-இல் அறிவிக்கப்பட்டது, ஒலியைச் சுருக்கி அனுப்பும் எல்சி3 என்ற புதிய கோடெக்கைப் பயன்படுத்துகிறது, மைக் திறந்திருக்கும்போதே நல்ல ஸ்டீரியோ தர வல்லது. ஆனால் 5.2, 5.3 எண் உள்ள கருவி எதுவும் எல்இ ஆடியோவைக் கட்டாயம் தர வேண்டும் என்ற விதி இல்லை. ‘எல்இ ஆடியோ’ அல்லது ‘எல்சி3’ என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறதா பாருங்கள். அதோடு உங்கள் கணினியின் அல்லது போனின் சிப், டிரைவர், இயங்குதளம் மூன்றும் அதை ஏற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்து பயனில்லை.

படம் பார்க்கும்போது உதட்டசைவும் ஒலியும் சரியாகப் பொருந்துகின்றன. கேமில் மட்டும் சுட்ட பிறகுதான் சத்தம் வருகிறது. ஏன்?

படம் ஓட்டும் செயலிக்கு ஒலி எவ்வளவு தாமதமாகும் என்று தெரியும். அதற்கேற்பப் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டுகிறது. கேமில் அது நடக்காது, நீங்கள் எப்போது விசையை அழுத்துவீர்கள் என்று அதற்குத் தெரியாதே.

சாதாரண புளூடூத்தில் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிநொடி தாமதம் இருக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, 200 மில்லிநொடி என்றால் ஒலி 12 ஃபிரேம் பின்தங்கி வருகிறது. எதிரியின் காலடி ஓசை கேட்கும்போது அவன் ஏற்கெனவே உங்கள் முதுகுக்குப் பின்னால். ஹெட்செட்டில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், குறையும். ஆனால் சிக்னல் தடுமாறினால் சமாளிக்கச் சேர்த்துவைக்கும் ஒலியின் அளவையும் அது சுருக்குவதால், சுவர் தாண்டினால் விட்டுவிட்டுக் கேட்கும். டாங்கிளில் 20 முதல் 40 மில்லிநொடிக்குள் அடங்கிவிடும். சீட்டாட்டம், சதுரங்கம், புதிர் விளையாட்டுகளுக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல. இருக்கும் புளூடூத்தே போதும்.

நாய்ஸ் கேன்சலிங் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். எனக்குப் பேரமைதி. எதிர்முனையில் இருப்பவருக்கோ மின்விசிறியும் டிவியும் கேட்கின்றனவாம். ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, நீங்கள் வாங்கியது உங்கள் காதுக்கான அமைதி. நாய்ஸ் கேன்சலிங், அதாவது ஏஎன்சி என்பது வெளிச் சத்தத்துக்கு எதிரான அலையை உங்கள் காதுக்குள் எழுப்பி அதை அமுக்குவது. எதிர்முனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் குரலோடு போகும் இரைச்சலைக் குறைப்பது மைக் பக்கத்து வேலை. பெட்டியில் ‘இஎன்சி’ என்று இருக்கும்.

அதைவிடப் பெரியது தூரம். காதில் மாட்டும் சிறிய இயர்பட்டின் மைக், வாயிலிருந்து 10–12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நீளும் மைக்கை 3 சென்டிமீட்டரில் வைக்கலாம். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மின்விசிறியின் சத்தம் அப்படியே இருக்கும். 12-இலிருந்து 3-க்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எந்த மென்பொருளும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யாது.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். ‘ப’ சொல்லும்போது வரும் காற்று அதில் மோதி ‘டப்’ என்று அடிக்கும். உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் அகலம் தள்ளி, சற்றுக் கீழே இருக்கட்டும். மூக்குக் காற்றும் படாது.

இன்னொரு தவறு: ஹெட்செட்டிலும் இரைச்சல் நீக்கம், மீட்டிங் செயலியிலும் ‘ஹை’ அளவில் இரைச்சல் நீக்கம். ஒன்று வடிகட்டியதை இன்னொன்று மீண்டும் வடிகட்டும்போது சொற்களின் கடைசி எழுத்துகள் விழுங்கப்படும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். வாங்கிய அன்றே மின்விசிறியை ஓடவிட்டு, விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துகொள்வது நல்லது.

டாங்கிள் வைத்தும் ஒலி விட்டுவிட்டு வருகிறது. கணினி மேசைக்குக் கீழே இருக்கிறது. அதன் பின்பக்கம், வெளி ஹார்டு டிரைவுக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகியிருக்கிறேன்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். யுஎஸ்பி 3.0 இணைப்பு ஓடும்போது அதன் போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின் இரைச்சலைக் கக்குகின்றன. டாங்கிள் கேட்க முயல்வதும் அதே பகுதியில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்டு டிரைவில் கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் ஒலி வெட்டினால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல், தலைக்கு நேர்ப் பார்வையில் வையுங்கள். பல புகார்கள் இதிலேயே தீரும். பிறகும் வெட்டினால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரௌட்டரை டாங்கிளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நூறு பேர் ஒரே கூடத்தில் பேசும் அலுவலகத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே நெரிசல்தான். அங்கே 1.9 கிகாஹெர்ட்ஸில் இயங்கும், கார்ட்லெஸ் போன்களின் நுட்பமான டெக்ட் வகை ஹெட்செட் பார்க்கலாம். தூரமும் அதிகம் போகும். அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்லாதீர்கள். கேமுக்கும் அது ஏற்றதல்ல.

கேம் கன்சோலுக்கும் அதே ஹெட்செட் ஆகுமா?

பிளேஸ்டேஷன் 5 புளூடூத் ஹெட்செட்டை ஏற்காது. யுஎஸ்பி டாங்கிள் வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே உரிமம் பெற்ற ஹெட்செட்டோ டாங்கிளோ வேண்டும்; கணினி டாங்கிளைச் செருகிப் பார்த்துப் பயனில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021-இல் வந்த அப்டேட்டிலிருந்து புளூடூத் ஒலியை ஏற்கிறது, புளூடூத் மைக்கை ஏற்காது.

50 மில்லிமீட்டர் டிரைவர், 7.1 சரவுண்ட்: இவற்றுக்குக் கூடுதல் பணம் தரலாமா?

வேண்டாம். டிரைவர் என்பது இங்கே ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர். நன்கு ட்யூன் செய்யப்பட்ட 40 மில்லிமீட்டர், மோசமாக ட்யூன் செய்யப்பட்ட 50-ஐ எளிதில் வெல்லும். சுற்றிலும் பல ஸ்பீக்கர் இருப்பதுபோல் கேட்கவைக்கும் 7.1 என்பதும் பெரும்பாலும் இரண்டே டிரைவரை வைத்து மென்பொருள் செய்யும் வித்தை. கேமிலேயே ஹெட்ஃபோனுக்கான 3டி ஒலி இருந்தால் ஹெட்செட்டில் உள்ளதை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் திசை குழம்பும்.

மூக்குக்கண்ணாடி போடுபவன். இரண்டு மணி நேரத்தில் காதோரம் வலிக்கிறது.

கண்ணாடியின் தண்டைக் காது மெத்தை எலும்போடு சேர்த்து அழுத்துவதால் வரும் வலி இது. மெத்தை மென்மையாகவும் தடிமனாகவும், செயற்கைத் தோலுக்குப் பதில் துணியாலும் இருந்தால் தாங்கும். வியர்வையும் குறையும், மெத்தையின் தோல் உரிந்து கழுத்தில் கறுப்புத் துகள் ஒட்டாது. துணியில் வெளிச் சத்தம் சற்றுக் கூடுதலாக நுழையும், பாஸ் என்னும் தாழ்ந்த ஒலியும் கொஞ்சம் குறையும். மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். பேட்டரிக்கு முன்பே சாவது அதுதான். எடை 300 கிராமுக்குள் இருக்கட்டும். புதிய ஹெட்செட் இறுக்கமாக இருந்தால், தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின்மேல் ஓரிரு இரவு மாட்டி வையுங்கள். கையால் வளைக்க வேண்டாம்.

பேசும்போது உங்கள் குரலே உங்களுக்குக் கேட்கும் ‘சைட்டோன்’ வசதியையும் கேட்டு வாங்குங்கள். காது அடைத்திருந்தால் நம்மை அறியாமல் கத்துவோம். மாலையில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மீட்டிங் அழைப்பு வந்ததும் மற்ற ஒலியெல்லாம் தானாகக் குறைகிறது. எங்கே அணைப்பது?

விண்டோஸின் வேலை. கண்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’, அதில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதி. ‘80% குறை’ என்பதே இயல்பாக இருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள்.

டைப்-சி சார்ஜர் மாட்டினால் ஹெட்செட் சார்ஜ் ஆகவில்லை. பழைய சார்ஜரில் ஆகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. இரு முனையும் சி-யாக உள்ள கேபிளில், எதிரே இருக்கும் கருவிக்குள் 5.1 கிலோஓம் மின்தடைகள் இருப்பதைக் கண்ட பிறகே சார்ஜர் மின்சாரம் அனுப்பும். சிக்கனம் பார்த்த தயாரிப்பாளர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய யுஎஸ்பி-ஏ ஆக உள்ள கேபிளையே பயன்படுத்துங்கள்.

மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக வடிந்த நிலையில் கிடந்தால் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடும். பிறகு எந்தக் கேபிளும் எழுப்பாமல் போகலாம்.

ஹெட்செட்டில் மியூட் அழுத்தினேன். திரையில் மைக் திறந்தே இருப்பதாகக் காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டு மியூட்டும் தனித்தனி. ஹெட்செட்டில் அழுத்தினால் மைக் அங்கேயே அறுபடுகிறது, செயலிக்கு அது தெரியவில்லை. உங்கள் குரல் போகாது. இதன் மறுபக்கம்தான் தொல்லை: செயலியில் திறந்துவிட்டு ஹெட்செட்டில் திறக்க மறந்து ஐந்து நிமிடம் காற்றோடு பேசுவது. மீட்டிங் செயலிக்கென்று சான்று பெற்ற ஹெட்செட்டில் இரண்டும் சேர்ந்தே மாறும். அது இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மியூட்டை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; நீளும் மைக்கை மேலே தூக்கினாலே மியூட் ஆகும் வகையாக இருந்தால் அதையே.