உலோக வினையூக்க ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

முதுநிலை வேதியியல் முடித்த மகள், ஒருபடித்தான வினையூக்கத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரப் போவதாகச் சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “ஐந்தாறு வருடம் ஏதோ ஓர் உலோகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?” என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுப்பார்கள். ஆனால் அந்த உலோகத்துக்காகக் கொடுக்க மாட்டார்கள். ஒரு வினை ஏன் பாதியில் நின்றது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என்பதற்காகக் கொடுப்பார்கள். இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் எந்த ஆய்வகத்தில் சேர வேண்டும் என்பதும் தெளியும்.

வினையூக்கி என்பது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். அதுவும் வினைபடு பொருள்களும் ஒரே கரைசலில் கரைந்திருப்பதால்தான் ‘ஒருபடித்தான’ என்கிறோம். நடுவில் ஒரு ரோடியம் அல்லது பல்லேடியம் அணு, அதைச் சுற்றிப் பாஸ்பீன் (ஒரு பாஸ்பரஸ் சேர்மம்) போன்ற ஈனிகள், அதாவது உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறுகள். ஈனியில் ஒரு தொகுதியை மாற்றினாலே அதே உலோகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1960-களில் ஜெஃப்ரி வில்கின்சன் ரோடியத்தோடு டிரைஃபீனைல்பாஸ்பீனைச் சேர்த்து, மிதமான நிலைமைகளிலேயே ஹைட்ரஜனேற்றம் (மூலக்கூறில் ஹைட்ரஜனைச் சேர்ப்பது) செய்யும் வினையூக்கியை உருவாக்கினார். வில்லியம் நோல்ஸ் அந்தப் பாஸ்பீனுக்குப் பதிலாக, இடக்கை வலக்கை போல் வேறுபாடு காட்டும் பாஸ்பீன் ஒன்றை வைத்துப் பார்த்தார். 1968-ல் அவருக்குக் கிடைத்த தேர்வுத்திறன், அதாவது இரு ஆடிப்பிம்ப வடிவங்களில் ஒன்று மற்றதைவிட மிகுந்திருக்கும் அளவு, வெறும் 15 சதவீதம். அதைத் தோல்வி என்று எழுதி மூடிவிட்டிருக்கலாம். அவர் ஈனியை மாற்றி மாற்றிச் சோதித்து 95 சதவீதம் வரை கொண்டுபோனார். பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்து அந்த வழியில் தொழிற்சாலையில் தயாரானது. 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தபோது அவருக்கு வயது 84. அவர் இந்த வேலையைச் செய்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, மான்சாண்டோ என்னும் நிறுவனத்தின் ஆய்வகத்தில். ஆராய்ச்சி என்றால் பேராசிரியர் பதவி ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பெற்றோர் பலரும் அஞ்சுகிறார்கள். அதனால்தான் இவரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பொறுமை எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு மெட்டோலாகுளோர் என்ற களைக்கொல்லியைப் பாருங்கள். அதன் பயனுள்ள ஆடிப்பிம்ப வடிவத்தை மட்டும் தயாரிக்கும் தேடல் 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது; உற்பத்தி தொடங்கியதோ 1996-ல். இடையில் ஈனிகள் பல வந்து போயின, உலோகங்களும் மாறின. கடைசியில் இரிடியத்தோடு, பெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைக் கொண்ட ஒரு பாஸ்பீனைச் சேர்த்து, அயோடைடும் அமிலமும் இட்டபோது வேகம் பல மடங்கு ஏறியது. இன்று ஒரு வினையூக்கி மூலக்கூறு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை மாற்றுகிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் தயாராகும் பொருள் இது.

இன்னொரு நிகழ்வை உங்கள் மகளிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். 2003-ல் நிக்கோலஸ் லெட்பீட்டரின் குழு, பல்லேடியம் இல்லாமலேயே சுசூகி வினை (இரண்டு கரிமத் துண்டுகளை இணைக்கும், வழக்கமாகப் பல்லேடியம் தேவைப்படும் வினை) நடப்பதாக வெளியிட்டது. 2005-ல் அதே குழு மீண்டும் ஆராய்ந்து, தாங்கள் பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவில் கலந்திருந்த பல்லேடியமே வினைக்குக் காரணமாக இருக்கலாம் என்று தானே எழுதியது. நான் இத்துறையில் ஆய்வு மாணவனாக இருந்தபோது மூன்று மாதம் கொண்டாடிய ஒரு முடிவு, பழைய கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருந்த உலோகத்தால் வந்தது என்று தெரிந்தது. அன்று மிகவும் வலித்தது. ஆனால் ஒவ்வொரு வினைக்கும் வெற்றுச் சோதனை (வினையூக்கி சேர்க்காமல் செய்து பார்ப்பது) செய்யும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது; பிறகு வேலைக்கான நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்டதும் அதைப் பற்றித்தான்.

இருட்டுப் பக்கத்தையும் மறைக்க மாட்டேன். மெர்க் நிறுவனம் சிட்டாகிளிப்டின் என்ற நீரிழிவு மருந்தை ரோடியம் வினையூக்கியால்தான் தயாரித்து வந்தது. 2010-ல் வெளியான ஆய்வு, மாற்றியமைக்கப்பட்ட ஒரு நொதி அந்தப் படியைச் செய்துவிடும் என்று காட்டியது. நொதி ரோடியத்தின் இடத்தைப் பிடித்தது. ஆகவே ஒரே ஓர் உலோகத்தின் நிபுணர் என்று தன்னைச் சுருக்கிக்கொள்பவருக்கு ஆபத்து உண்டு. நொதிகளையும், உலோகம் இல்லாத கரிம வினையூக்கிகளையும் உங்கள் மகள் கூடவே படிக்கட்டும்.

வேலை எங்கே கிடைக்கும் என்றால், மருந்து, வேளாண் வேதிப்பொருள் நிறுவனங்களின் செயல்முறை ஆய்வு (பெருமளவில் தயாரிக்கும் வழியைத் தேடும்) பிரிவுகளில்தான் தேவை அதிகம். மருந்தில் எஞ்சும் உலோகத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு. வாய்வழி உட்கொள்ளும் மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகளாவிய வழிகாட்டுதல். அதை அகற்றும் வழியைக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலைதான். ஜான்சன் மாத்தி, யுமிகோர் போன்ற வினையூக்கி நிறுவனங்களும், பாலிமர் நிறுவனங்களும், கல்லூரிகளும் இருக்கின்றன.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடந்த ஐந்தாண்டில் அங்கே பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று மகள் நேரில் கேட்கட்டும். ஒரு வினையூக்கியை நூறு மூலக்கூறுகளில் சோதித்து விளைச்சல் அட்டவணை போடும் ஆய்வகத்தைவிட, வினைவேகத்தை அளந்து, பாஸ்பரஸ் என்எம்ஆர் என்னும் அணுக்கருக் காந்த அளவீட்டில் இடைநிலைச் சேர்மத்தைப் பிடித்து, வினைவழிமுறையைத் துருவும் ஆய்வகம் நல்லது. கணினிவழிக் கணக்கீடும் தெரிந்த சகமாணவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. காற்றில் கெட்டுப்போகும் பொருள்களைக் கையாளும் பயிற்சியை எப்படித் தருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தீப்பிடிக்கக்கூடிய பாஸ்பீன்களும் அழுத்த ஹைட்ரஜனும் விளையாட்டல்ல.

சேர்வதற்கு முன் ஒரு மாதமாவது அந்த ஆய்வகத்தில் இருந்து பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வினை மூன்றாவது முறையாகத் தோற்ற நாளில் அவர் குறிப்பேட்டைத் திறந்து, கரைப்பானா, ஈனியா, நுழைந்த ஆக்சிஜனா என்று எழுதிக்கொண்டிருந்தால், தயங்காமல் சேர அனுப்புங்கள். அந்த மாதம் முழுவதும் எரிச்சலாகவே கழிந்தால், பகுப்பாய்வு வேதியியலிலும் கணக்கீட்டு வேதியியலிலும் நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அவரோடு நேரடியாகப் பேச நான் தயார்.