பரிசு வாங்காத படம்

அன்புள்ள ஐயா,

'ஏ யெல்லோ பேர்ட்' படத்தைப் போன சனிக்கிழமை நண்பர்களுக்கு வீட்டில் போட்டுக் காட்டினேன். பிரான்சின் கான் திரைப்பட விழாவுக்குப் போன சிங்கப்பூர்ப் படம், நம்ம ஆள் எடுத்தது என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். பாதியிலேயே இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். "பரிசே வாங்கலையே, அப்புறம் என்ன பெருமை?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

செல்வம், ஈசூன்

அன்புள்ள செல்வம்,

2016இல் கானின் விமர்சகர் வாரம் பிரிவில் வந்த படம் அது. பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர்கள் 1962 முதல் நடத்திவரும் பிரிவு, இயக்குநரின் முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் மட்டுமே இடம். அந்த ஆண்டு போட்டிக்கு எடுத்தவை ஏழே படங்கள், அந்த ஏழில் ஒன்று நம் இயக்குநர் கே. ராஜகோபாலின் இந்தப் படம். 1990களில் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்காக வரிசையாக மூன்று ஆண்டுகள் நடுவர் சிறப்புப் பரிசு வாங்கிய மனிதர், முதல் முழுநீளப் படத்துக்கு வந்துசேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு மனசு வலிப்பது அங்கேதான். இன்னொரு படத்தையும் சொல்கிறேன். சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூவின் 'மை மேஜிக்' 2008இல் கானின் மிக உயர்ந்த விருதான தங்கப் பனைக்கான போட்டியில் நுழைந்தது. அந்த இடத்துக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் பேசியது தமிழ். நிஜ வாழ்க்கையிலும் மேஜிக் செய்பவரான பாஸ்கோ பிரான்சிஸ், குடித்துக் குடித்து வீணாய்ப்போன ஓர் அப்பாவாக வந்து, மகனுக்காகக் கண்ணாடியைக் கடித்து மெல்லுகிறார். அதுவும் பரிசில்லாமல் திரும்பிய படம்தான். நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம், சொல்லுங்கள்?

சரி, எழுந்து போனவர்களிடம் கோபம் வேண்டாம். கான் என்று சொல்லிக் கூப்பிட்டால் வருகிறவர் கானைத் தேடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். இங்கே இருப்பதோ சிறையிலிருந்து வந்த ஒரு சிவா, வீட்டுக்குப் போனால் அவன் அறை வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருக்கிறது, பெற்ற அம்மா மன்னிக்கவில்லை, மனைவியும் மகளும் எங்கே என்று தெரியவில்லை. சீமா பிஸ்வாஸ் அந்த அம்மாவாக முகத்தை இறுக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் படத்தை நிறுத்தி வைத்திருந்தேன். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அப்படி ஒரு கதவாவது சாத்தியே இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போடுங்கள். விழாப் பேச்சை எடுக்காமல், அந்த அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிக் கூப்பிடுங்கள். முடிந்தால் நானும் வருகிறேன்.