பத்துத் தடவை பார்த்த படத்தில் இன்னும் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. கணவர், இரண்டு பிள்ளைகள். எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் படம் பார்ப்பேன். பச்சையாகப் பேசுகிற ஆங்கிலக் காதல் காமெடிகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றையேதான் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். ஒரு படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். போன வாரம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கணவர், "இதையேதானே போன மாசமும் பார்த்தே? அப்படி என்ன இருக்கு இதுல?" என்றார். சட்டென்று லேப்டாப்பை மூடிவிட்டேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கூசிப்போயிற்று. என் ரசனை மட்டமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழி,

இல்லவே இல்லை. அசிங்கமான ஜோக்குக்காக மட்டும் பார்ப்பவர் படத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். அந்த அதிர்ச்சிச் சிரிப்பு முதல் தடவையோடு சரி. பத்துத் தடவை திரும்பிப் போகிறீர்கள் என்றால் உங்களைக் கூப்பிடுவது வேறு ஏதோ.

அது என்னவென்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த வகைப் படங்களில் யாராவது ஒருவர் மானம் போகிற அளவுக்கு மாட்டிக்கொள்வார். உடம்பு காட்டிக்கொடுத்துவிடும், வாய் உளறிவிடும், மறைத்து வைத்த ரகசியம் எல்லோர் முன்னாலும் உடைந்துவிடும். அதையெல்லாம் நேரில் பார்த்த ஆளே கடைசியில் அவரை விரும்புவார். நாகரிகமான காதல் படங்களில் இருவரும் தலை கலையாமல் காதலிக்கிறார்கள். இங்கே அசடு வழிந்த முகத்துக்கும் ஒரு முத்தம் கிடைக்கிறது. நாள் முழுக்க எல்லோருக்கும் பொறுப்பாக இருந்துவிட்டு வருகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

முதல் தடவை பார்க்கும்போது இந்தக் கனிவு முழுசாகக் கண்ணில் படாது. 'ஐயோ, மாட்டிக்கொள்ளப் போகிறாரே' என்ற பதைப்பிலேயே பாதிப் படம் போய்விடும். முடிவு தெரிந்துவிட்டால் மனசு நிதானமாகச் சுற்றிப் பார்க்கும். 2011-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உளவியல் ஆய்வாளர்கள் இருவர் சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் பெரும்பாலும் அதிகமாக ரசித்தார்கள்.

2005-இல் வந்த 'தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்' உங்கள் நாலைந்தில் ஒன்றாக இருக்கலாம். அதில் நெஞ்சு முடியை வாக்ஸிங் செய்கிற காட்சி வரும். நாயகனாக நடித்த ஸ்டீவ் காரெலுக்கு நிஜமாகவே வாக்ஸிங் செய்தார்கள். பிடுங்கிய முடியை மறுபடி ஒட்டி ரீடேக் எடுக்க முடியாது என்பதால் பல கேமராக்களை வைத்து ஒரே தடவையில் எடுத்தார்கள். முதலில் பார்க்கும்போது அவருடைய அலறலும் வசவும்தான் காதில் விழும். அடுத்த தடவை பின்னால் இருக்கும் நண்பர்களைக் கவனியுங்கள். அவர்கள் சிரிப்பும் நிஜம்தான். அதற்கும் அடுத்த தடவை, ஒரு பெண்ணுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்று ஒருத்தன் இத்தனை வலியைத் தாங்குகிறானே என்று தோன்றும். சிரிப்பும் நிற்காது, தொண்டையும் அடைக்கும்.

தியேட்டரில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. கூட்டத்தின் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடும். பக்கத்து சீட்காரர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. வீட்டில் நிறுத்தலாம், பத்து வினாடி பின்னால் போகலாம், அதே முகபாவத்தை மூன்று தடவை பார்க்கலாம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய படங்களின் சில ஜோக்குகள் இன்றைக்குக் கசக்கின்றன. பருமனானவர்களையும் ஒருபால் ஈர்ப்புள்ளவர்களையும் மட்டம்தட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு படங்களை என்னால் மறுபடி பார்க்கவே முடியவில்லை. உங்களுக்கும் எங்காவது முகம் சுளித்தால் அந்த இடத்தைத் தள்ளிவிடுங்கள், அல்லது படத்தையே விட்டுவிடுங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். அவர் ஒரு கேள்வி கேட்டார், நீங்கள் லேப்டாப்பை மூடினீர்கள். பாவம், அவருக்குப் பதிலே வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரோ என்னவோ! இந்த வார இறுதியில் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முழுப் படமும் வேண்டாம், ஒரு காட்சி போதும். 1989-இல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி' படத்தின் உணவகக் காட்சி நல்ல தொடக்கம். நாயகி அத்தனை பேர் நடுவில் இன்பத்தில் முனகுவதுபோல் நடித்துக் காட்டி முடித்ததும், பக்கத்து மேஜைப் பெண்மணி ஒரே ஒரு வரி பேசுவார். அவர் இயக்குநர் ராப் ரெய்னரின் சொந்த அம்மா. அந்த முனகலை எப்படிச் செய்ய வேண்டும் என்று அம்மா முன்னாலேயே தான் நடித்துக் காட்டியதை ரெய்னரே சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டுக் காட்சியைப் போடுங்கள். அவர் சிரித்தால் உங்கள் பத்துத் தடவைப் படத்தையும் ஆரம்பியுங்கள். நடுவில் அவர் தூங்கிப்போனாலும் பரவாயில்லை. மிச்சத்தை நீங்கள் ஹெட்போன் இல்லாமலே பாருங்கள்.