நேற்று அனுப்பியதற்கு 'ஹேவ்' வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கிறேன். பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் கம்பெனிக்கு, மெயில் எழுத உட்கார்ந்தால் 'சென்ட்', 'ஹேவ் சென்ட்', 'ஹேட் சென்ட்' மூன்றில் எதைப் போடுவதென்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. சுலபமான வழி ஏதாவது இருக்கிறதுங்களா?

பதில்: இருக்கிறதுங்க. இலக்கணப் புத்தகத்தின் பன்னிரண்டு கட்ட அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுதப்போகும் வாக்கியத்தில் நேரத்தைக் காட்டும் சொல் எது என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நேற்று, போன வாரம், திங்கட்கிழமை என்று முடிந்துபோன நேரம் வந்துவிட்டால் வெறும் இறந்தகாலம்தான்: 'வீ சென்ட் தி லேப் டிப்ஸ் யெஸ்டர்டே.' (லேப் டிப் என்றால் நிறம் சரிபார்க்க அனுப்பும் சாயத் துணித் துண்டு.) தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கோம்' என்று இயல்பாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் 'ஹேவ் சென்ட் யெஸ்டர்டே' என்று விழுகிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் சேராது. வருடம் போட்டாலும் இதே கதைதான். 'திருப்பூர் பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2009' என்று எழுத வேண்டும். 'ஹேஸ் பிகம்' வராது.

எப்போது என்பது முக்கியமில்லை, இப்போதைய நிலைமையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'ஹேவ்' போடுங்கள். 'வீ ஹேவ் சென்ட் தி லேப் டிப்ஸ், ப்ளீஸ் அப்ரூவ்' என்றால், எங்கள் வேலை முடிந்தது, இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அமெரிக்க பையர் 'வீ ஆல்ரெடி சென்ட் இட்' என்று ஹேவ் இல்லாமலே எழுதுவார். அதைத் தப்பு என்று நினைக்க வேண்டாம், அவர்கள் வழக்கம் அப்படி.

நம் ஆபீஸ்களில் தேவையில்லாமல் புழங்குவது 'ஹேட்'. போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ! 'வீ ஹேட் சென்ட் தி சாம்பிள் ஆன் மண்டே' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் 'சரி, அப்புறம் என்ன ஆச்சு?' என்று அடுத்த வரியைத் தேடுவார். நடந்துமுடிந்த சம்பவம் இரண்டு இருந்து, அதில் முந்தியது எது என்று காட்டத்தான் ஹேட். 'வென் யுவர் மெயில் கேம், வீ ஹேட் ஆல்ரெடி கட் தி ஃபேப்ரிக்.' மெயில் வந்தது பின்னால், துணி வெட்டியது முன்னால். வெட்டின துணிக்கு யார் பணம் தருவது என்ற சண்டை வரும்போது இந்த ஒரு ஹேட் காசு பெறும்.

அடுத்து வினையின் கடைசியில் ஒட்டும் 'இங்' (-ing). 'நாற்பது மெஷின் வச்சிருக்கோம்' என்பதை 'வீ ஆர் ஹேவிங்' என்று எழுதுவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். சொந்தமாக இருப்பதைச் சொல்லும்போது 'வீ ஹேவ் ஃபார்ட்டி மெஷின்ஸ்' போதும். சாப்பிடுவது போன்றவற்றுக்கு 'ஹேவிங் லஞ்ச்' என்பது சரி, ஏனென்றால் அது நடந்துகொண்டிருக்கும் செயல். நோ (know), நீட், அண்டர்ஸ்டாண்ட், பிலாங் இவையும் செயலல்ல, நிலை. பொதுவாக இங் ஏற்காது. 'திங்க்' இரண்டு பக்கமும் போகும். கருத்துச் சொன்னால் 'ஐ திங்க்', யோசித்துக்கொண்டிருந்தால் 'ஐ ஆம் திங்கிங்'.

'2015லிருந்து சப்ளை செய்கிறோம்' என்பதில் தமிழுக்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் சின்ஸ் வந்தால் 'வீ ஹேவ் பீன் சப்ளையிங்' என்று எழுத வேண்டும், 'வீ ஆர் சப்ளையிங்' கூடாது. 'டிட்' வந்த பிறகு வினை அடிப்படை உருவத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'டிட் நாட் காட்' இல்லை, 'டிட் நாட் கெட்'.

ஷிப்மென்ட் தேதி எழுதும்போதுதான் அதிக கவனம் வேண்டும். கப்பல் அட்டவணைக்கு நிகழ்காலமே போதும்: 'தி வெசல் லீவ்ஸ் தூத்துக்குடி ஆன் ஃப்ரைடே.' ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டால் 'வீ ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே.' 'வீ வில் ஷிப்' என்பதைப் பையர் வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார். டையிங்கிலிருந்து (சாயப் பட்டறையிலிருந்து) துணியே வந்து சேராதபோது வில் போட்டு மாட்டிக்கொண்டு, கடைசியில் விமானத்தில் அனுப்பும் செலவைத் தலையில் சுமக்க வேண்டாம். துணி கைக்கு வரும்வரை 'வீ எக்ஸ்பெக்ட் டு ஷிப்' என்றே எழுதுங்கள்.